தைராய்டும் குரல்நாண் நரம்பும்: சுங்கை சிப்புட் மக்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பல ஆண்டுகள் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தைராய்டு கட்டியோடு இருப்பவர்கள் மார்க்கெட்டில் பார்த்தாலும் கோயிலில் பார்த்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். காலையிலேயே கிளம்பி ஈப்போவுக்குப் போய், நம்பர் எடுத்து, பாதி நாள் காத்திருந்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கேட்க வந்ததெல்லாம் மறந்துபோய்த் திரும்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

"கட்டி தைராய்டில இருக்கு. குரல் எதுக்கு மிஸ்ஸி போகணும்?"

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கத்தில் மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கிறது. அதன் பின்புறத்தை ஒட்டி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய நரம்புகள் மேலே ஏறிக் குரல்வளைக்குள் போகின்றன. ரீகரண்ட் லாரிஞ்சியல் நரம்பு என்பார்கள். இவை மூளையிலிருந்து நேரே குரல்வளைக்கு வருவதில்லை. வேகஸ் என்ற பெரிய நரம்போடு சேர்ந்து கீழே இறங்கி, வலது நரம்பு கழுத்தின் அடியில் கைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றியும், இடது நரம்பு நெஞ்சுக்குள் பெருந்தமனியைச் சுற்றியும் திரும்பி மேலே வருகின்றன. அவ்வளவு தூரம் வரும் வழியில் எங்கே அழுத்தினாலும், இழுபட்டாலும், அந்தப் பக்கத்துக் குரல்நாண் அசையாமல் நின்றுவிடும்.

இரண்டு குரல்நாண்களும் இரட்டைக் கதவு மாதிரி. மூச்சு விடும்போது திறக்கும். பேசும்போதும் விழுங்கும்போதும் மூடும். ஒரு கதவு பாதியில் சிக்கி நின்றால் நடுவில் இடைவெளி விழுந்து, பேசும்போது காற்று வீணாக வெளியேறுகிறது. அதனால்தான் குரல் காற்றுக் குரலாக, பலமில்லாமல் வருகிறது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குவதும் அதனால்தான்.

"தைராய்டு வந்தா எல்லாருக்கும் குரல் கட்டிக்குமா?"

இல்லை. தைராய்டு நோய் உள்ளவர்களில் நரம்பு செயலிழப்பவர்கள் குறைவு. ஆனால் தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குக் குரல் கனத்து, கரகரத்துப் போவது உண்டு. அது நரம்பால் வருவதல்ல. சுரப்பு குறைவதால் குரல்நாண்களே கொஞ்சம் வீங்கித் தடித்துப்போகின்றன. கூடவே உடல் எடை ஏறும், மலச்சிக்கல் வரும், குளிர் தாங்காது, எப்போதும் அசதியாக இருக்கும். மாத்திரையின் அளவு சரியானால் அந்தக் குரல் மெதுவாகத் திரும்பும்.

இந்த இரண்டையும் காதால் கேட்டுப் பிரிக்க முடியாது. அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது. கேமரா விட்டு நாண்களைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

"பத்து வருஷமா கட்டி இருக்கு. ஒண்ணும் பண்ணல. இப்போ ஒரு மாசமா குரல் மாறிப்போச்சு."

இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்குக்கு) போய் ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். சாதாரணக் கழலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நரம்பைப் பெரும்பாலும் செயலிழக்க வைப்பதில்லை, தள்ளித்தான் வைக்கும். கட்டி இருக்கிறவருக்குக் குரல்நாண் நின்றுபோனால், கட்டி நரம்புக்குள் வளர்கிறதோ, அதாவது புற்றுநோயோ என்றுதான் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். புற்றுநோய் இல்லாத கட்டி அழுத்தியும் சில சமயம் இப்படி ஆவதுண்டு. அப்படியானால் ஆபரேஷனுக்குப் பிறகு நாண் மறுபடி அசையவும் வாய்ப்பு இருக்கிறது. எது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கட்டி இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. சளி, இருமல் போன பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரவென்று இருந்தால் காட்ட வேண்டும். கட்டி திடீரென்று வளர்ந்தாலோ, கழுத்தின் பக்கவாட்டில் வேறு கட்டி தட்டுப்பட்டாலோ, விழுங்கச் சிரமம் வந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். அப்பாயின்மெண்ட் மூன்று மாதம் தள்ளிக் கிடைத்தால் கவுன்டரில் இந்த அறிகுறிகளைச் சொல்லி, தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"மருந்து அடிக்கிற வேலை பார்க்கிறேன். அந்தக் காத்துதான் குரலைக் கெடுக்குது, கட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு வீட்டுல சொல்றாங்க."

செம்பனைத் தோட்டத்தில் களைமருந்து அடிப்பவர்களுக்குத் தொண்டை எரிவது உண்மை. அதற்கு முகக்கவசம் வேண்டும், வேலை முடிந்ததும் குளிக்க வேண்டும். ஆனால் எரிச்சலால் கெட்ட குரல், வேலையிலிருந்து சில நாள் விலகி இருந்தால் தேறும். தேறவில்லை, கழுத்தில் கட்டியும் இருக்கிறது என்றால் பழியை மருந்து மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். மேலே சொன்ன மூன்று வாரக் கணக்கு உங்களுக்கும்தான்.

"மூக்கு வழியா கேமரா விடுவாங்களாமே. உயிர் போற மாதிரி வலிக்குமா?"

வலிக்காது, அசௌகரியமாக இருக்கும். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, வளையக்கூடிய மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். உட்கார்ந்தபடியே செய்வது. "ஈ" என்று சொல்லச் சொல்வார்கள், மூச்சை இழுக்கச் சொல்வார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மருந்தின் மரப்பு போகும் வரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், எதுவும் குடிக்காதீர்கள், புரையேறும்.

"கட்டி எடுக்கத் தேதி கொடுத்துட்டாங்க. குரல் நல்லாத்தானே இருக்கு, இப்ப எதுக்கு கேமரா?"

ஒரு நாண் நின்றுபோனவர்களில் சிலருக்குக் குரல் நன்றாகவே இருக்கும். நல்ல நாண் நடுக்கோட்டைத் தாண்டி வந்து, நின்ற நாணைத் தொட்டு இடைவெளியை மூடிவிடுகிறது. அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவருக்கு மறுபக்கம் ஆபரேஷன் செய்யும்போது அந்தப் பக்க நரம்பும் அடிபட்டால் இரண்டு நாணும் நின்று மூச்சே அடைத்துவிடும். சர்ஜன் கத்தி எடுப்பதற்கு முன்பே எந்த நாண் அசைகிறது, எது அசையவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டியது அதனால்தான்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். கொஞ்சம் பேசுங்கள், ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுங்கள், பாடத் தெரிந்தால் இரண்டு வரி பாடுங்கள். பிறகு பேச்சு சிகிச்சையாளரிடம் போக நேர்ந்தால் உங்கள் பழைய குரல் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் குரல் கரகரங்குது. நரம்பு போயிருச்சா?"

பெரும்பாலும் இல்லை. மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் வைப்பார்கள். அது குரல்நாண்களுக்கு நடுவே போவதால் சில நாள் கரகரப்பும் தொண்டை வலியும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். ஆனால் குரல் முழுக்கக் காற்றாக வந்தால், தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், இருமல் பலமில்லாமல் இருந்தால், வார்டிலேயே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் சில வாரமாகியும் குரல் தேறவில்லை என்றால், அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் கேமரா பரிசோதனை கேளுங்கள். ஏன் சீக்கிரம் என்பதை ஊசி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"உண்மையைச் சொல்லுங்க. டாக்டர் நரம்பை வெட்டிட்டாரா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவரின் கண்ணில் உள்ள கோபமும் பயமும் எனக்குப் புரியும். ஆனால் பெரும்பாலான செயலிழப்புகளில் நரம்பு அறுந்திருப்பதில்லை. கட்டியை வெளியே தூக்கும்போது நரம்பு இழுபடுகிறது, ரத்தத்தை நிறுத்தும் கருவியின் சூடு படுகிறது, அல்லது வீக்கம் அழுத்துகிறது. பார்வைக்கு முழுதாக இருக்கும் நரம்பு வேலை செய்யாமல் போய்விடும். தற்காலிகமாக இப்படி ஆவது நூற்றுக்குச் சிலருக்கு நடக்கிறது. நிரந்தரமாக நிற்பது நூற்றுக்கு ஒருவர் இருவர் என்ற அளவில். புற்றுநோய்க்காகச் செய்யும்போதும், நெஞ்சுக்குள் இறங்கிய பெரிய கழலையிலும், ஏற்கெனவே ஆபரேஷன் செய்த கழுத்தில் மறுபடி செய்யும்போதும் இது கூடும்.

இந்த நரம்பின் வேலை இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கேலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்பைத் துண்டித்து, அதன் குரல் நின்றுபோவதைக் கூட்டத்துக்கு முன்னால் காட்டினார். இப்போது பல மருத்துவமனைகளில் மின்முனை பொருத்திய சுவாசக் குழாயை வைத்து, ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்கலாம். அது இருந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றும் சர்ஜனின் கைதான் முக்கியம்.

"ரெண்டு பக்கமும் எடுக்கிறோம்னு சொன்னாங்க. ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு மூடிட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?"

முதல் பக்கம் முடிந்ததும் நரம்பைச் சோதித்து, அதில் சிக்னல் வரவில்லை என்றால் பல சர்ஜன்கள் மறுபக்கத்தைத் தொடாமல் நிறுத்திவிடுவார்கள். மறுபக்க நரம்புக்கும் ஏதாவது ஆனால் நோயாளி தொண்டையில் மூச்சு விடுவதற்காகப் போட்ட துளையோடு கண் விழிக்க நேரிடும். நரம்பு தேறட்டும் என்று காத்திருந்து மீதியைப் பிறகு எடுப்பது உங்களைக் காப்பாற்றிய முடிவு. அதுதான் காரணமா என்று சர்ஜனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு காரணமும் இருக்கலாம்.

"சோறு சாப்பிட்டா ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணிதான் புரையேறுது. இது என்ன அதிசயம்?"

தண்ணீர் வேகமாக ஓடும். நாண்கள் முழுக்க மூடாதபோது அந்த இடைவெளியில் சறுக்கி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. சோறும் கெட்டியான கஞ்சியும் மெதுவாகப் போவதால் சமாளிக்க முடிகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு மடக்காகக் குடியுங்கள். தாடையை நெஞ்சுப் பக்கம் சற்றுத் தாழ்த்தி விழுங்குவதும், தலையை நின்றுபோன நாண் உள்ள பக்கம் திருப்பி விழுங்குவதும் பலருக்கு உதவும். எது உங்களுக்குச் சரி என்பதைப் பேச்சு சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார். விழுங்குவதும் அவர்கள் வேலைதான், பேச்சு மட்டும் அல்ல. படுத்துக்கொண்டு தே தாரே டீயோ மைலோவோ குடிக்க வேண்டாம். வயதானவருக்கு அடிக்கடி புரையேறி, காய்ச்சலும் சளியும் வந்தால் நுரையீரலில் தொற்று வந்திருக்கலாம். உடனே காட்டுங்கள்.

"குரல் திரும்ப எத்தனை மாசம் ஆகும்?"

இழுபட்ட நரம்பு பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தேறுகிறது. சிலருக்கு ஒரு வருடம் வரை போகும். ஒரு வருடம் கடந்தும் நாண் அசையவில்லை என்றால் அது இனி அசையும் வாய்ப்பு குறைவு. நாண் அசையாமலேயே குரல் நன்றாகிவிடுவதும் உண்டு. கேமரா பற்றிய கேள்வியில் சொன்ன மாதிரி, நல்ல நாண் தாண்டி வந்து வேலையைச் செய்துவிடும்.

"அதுவரைக்கும் வாயே திறக்காம இருக்கணுமா? ரகசியமா பேசிக்கலாமா?"

இரண்டும் வேண்டாம். அக்கம்பக்கத்தார் சொல்லும் மௌன விரதத்தால் நரம்பு வளராது. கிசுகிசுவென்று பேசுவது தொண்டைத் தசைகளை இறுக்கிவிடும். சாதாரணக் குரலில், சின்ன வாக்கியமாக, மூச்சு எடுத்துப் பேசுங்கள். கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்யாதீர்கள், ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். சிகிச்சையாளர் சொல்லித்தரும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்யுங்கள். பயிற்சியைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிளினிக்கில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"சித்தரத்தை, கற்பூரவள்ளி, பி12 மாத்திரை… எது கேட்கும்?"

சித்தரத்தைக் கஷாயமும் தேனும் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். நரம்புக்கு அதனால் பலன் ஒன்றும் இல்லை. பி12 குறைவாக உள்ளவருக்கு அது வேண்டும், அடிபட்ட குரல் நரம்பை அது எழுப்பும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆபரேஷன் செய்த கழுத்தை எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

"தைராக்சின் மாத்திரையைக் கூட்டிப் போட்டா குரல் சீக்கிரம் வருமா?"

வராது. நெஞ்சு படபடப்புதான் வரும். அந்த மாத்திரை சுரப்பிக்குப் பதிலாக வேலை செய்வது, நரம்புக்கான மருந்தல்ல. சரியான அளவை, வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட்டுவிட்டு, பசியாறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். காப்பியும் பாலும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இருக்கட்டும்.

"தொண்டையில ஊசி போட்டா உடனே குரல் வருமாமே?"

பலருக்கு வருகிறது. நின்றுபோன நாணுக்குள் ஜெல் மாதிரியான பொருளை, பெரும்பாலும் ஹயலுரோனிக் அமிலம், ஊசியால் ஏற்றி அதை நடுவுக்குத் தள்ளுகிறார்கள். நல்ல நாண் அதைத் தொட முடிகிறது. சில மாதத்தில் ஜெல் கரைந்துவிடும். அதற்குள் நரம்பு தேறினால் நல்லது. நரம்பு தானாகத் தேற வாய்ப்புள்ள காலத்திலேயே இதைச் செய்யலாம் என்பதால்தான் சீக்கிரம் கேமரா கேட்கச் சொன்னேன். புரையேறிக் கஷ்டப்படுபவரும், குரலை நம்பிப் பிழைப்பவரும் ஒரு வருடம் சும்மா காத்திருக்கத் தேவையில்லை.

பொதுவாக ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகியும் அசையவில்லை என்றால் நிரந்தர வழி இருக்கிறது. கழுத்தின் வெளியிலிருந்து குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, சிலிக்கோன் துண்டு ஒன்றை வைத்து நாணை உள்ளே தள்ளுவது. ஜப்பானிய மருத்துவர் இஷ்ஷிகி 1974-இல் வெளியிட்ட முறை இது. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள், நோயாளி விழித்திருப்பார். டாக்டர் பேசச் சொல்லிக் கேட்டுக்கேட்டே துண்டின் அளவைச் சரிசெய்வார். கழுத்தில் உள்ள வேறொரு நரம்பைக் கொண்டுவந்து இணைக்கும் முறையும் உண்டு. அதன் பலன் தெரியப் பல மாதம் ஆகும்.

"நான் மண்டோர். பெரட்டுல நாப்பது பேருக்கு வேலை சொல்லணும். தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டும் பாடுவேன். ரெண்டும் போச்சா?"

பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கத்துவதைச் சில மாதம் விட்டுவிடுங்கள். கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியோ, இடுப்பில் மாட்டும் சின்ன மைக்கோ போதும். நிர்வாகத்துக்கு எழுதிக்காட்ட டாக்டரிடம் கடிதம் கேளுங்கள்.

பாட்டு வேறு விஷயம். உச்சத்தில் பாட நாணை இழுத்து விறைக்க வேண்டும். அந்த ஒரு தசைக்கு மட்டும் வேறு நரம்பு, தைராய்டின் மேல்முனையை ஒட்டி வருகிறது. அது அடிபட்டால் நாண் திறந்து மூடும், பேச்சும் ஏறக்குறைய சரியாக இருக்கும், மேல் ஸ்தாயி மட்டும் எட்டாது, குரல் சீக்கிரம் களைத்துவிடும். கேமராவில் எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடும். ஆகவே "நான் பாடுகிறவன்" என்று ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

"குரல் தெளிவாத்தான் இருக்கு. ஆனா மாடிப்படி ஏறினா மூச்சு கீச்சுகீச்சுங்குது."

இது எனக்குக் கரகரப்பை விட அதிகப் பயம் தரும் கேள்வி. இரண்டு நாணும் நடுவில் நின்றுவிட்டால் குரல் நன்றாக இருக்கும், காற்று போக வழிதான் இருக்காது. முன்பு தைராய்டு ஆபரேஷன் ஆனவர்கள் சிலருக்கு இது மாதங்கள் கழித்து, ஒரு சளிக்காய்ச்சலின்போது முற்றிவிடும். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரோடு அலைபவர்களும் உண்டு. மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தால், பழைய ஆபரேஷனைச் சொல்லிக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். தொண்டையில் துளை போடுவதோ, நாணின் பின்பகுதியைக் கொஞ்சம் வெட்டி வழி விடுவதோ நிலைமையைப் பொறுத்தது. வழி அகலமானால் குரல் கொஞ்சம் குறையும், அதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுச் சத்தம், கழுத்தும் நெஞ்சும் உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, ஆபரேஷன் ஆன கழுத்து திடீரென்று வீங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் 999 அவசர எண்ணை அழையுங்கள். ஆபரேஷன் ஆன சில நாளில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருக்சுருக்கென்று மரத்துப்போனால் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கால்சியம் மிகவும் இறங்கினால் குரல்வளையே இறுகி மூச்சடைக்கும்.

"கட்டி வலது பக்கம். நின்னுபோன நாண் இடது பக்கம்னு எழுதியிருக்கு. தப்பா எழுதிட்டாங்களா?"

எழுத்துப் பிழையா என்று முதலில் கேளுங்கள். பிழை இல்லை என்றால் காரணம் தைராய்டு கட்டியாக இல்லாமல் இருக்கலாம். முதல் கேள்வியில் சொன்னேனே, இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கித் திரும்புகிறது என்று. நுரையீரலில் கட்டி, நெஞ்சில் நெறிகட்டிகள், பெருந்தமனி வீக்கம் ஆகியவை அந்த இடத்தில் அதை அழுத்தும். மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதற்காக. புகை பிடிப்பவர் இந்த ஸ்கேனைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

"புற்றுநோய் நரம்பைப் பிடிச்சிருக்காம். நரம்பை எடுத்துட்டா குரல் அவ்வளவுதானா?"

ஆபரேஷனுக்கு முன் நாண் அசைகிறதா என்பதைப் பொறுத்துத்தான் சர்ஜன் முடிவெடுப்பார். அசைகிறது என்றால் நரம்பின் மேல் ஒட்டியதை மட்டும் சுரண்டி எடுத்து, நரம்பை வைத்திருக்கப் பார்ப்பார்கள். ஏற்கெனவே நின்றுபோய், நரம்பு முழுக்க நோய்க்குள் இருந்தால் அதை எடுக்க வேண்டி வரும். எடுத்த அதே மேசையில் கழுத்தின் வேறொரு நரம்பை இணைத்துவிட முடியுமா என்று கேளுங்கள். அதனால் நாண் முன்போல அசையாது. ஆனால் தசை சுருங்கிப்போகாமல் இருக்கும், பேச்சுக்குப் பலம் இருக்கும். ஊசியும் சிலிக்கோன் துண்டும் இவர்களுக்கும் செய்யலாம்.

"மூணு மாசத்துல குரல் பழையபடி வந்துருச்சு. இப்போ மீதிப் பாதியையும் எடுக்கச் சொல்றாங்க. நரம்புதான் சரியாயிருச்சே, கேமரா திரும்ப வேண்டாம்தானே?"

கட்டாயம் வேண்டும். குரல் வந்தது நரம்பு தேறியதாலா, நல்ல நாண் தாண்டி வந்து ஈடுகட்டியதாலா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஈடுகட்டியது என்றால், இப்போது வெட்டப்போகும் பக்கத்தில்தான் உங்களுடைய ஒரே வேலை செய்யும் நரம்பு இருக்கிறது. பழைய ஆபரேஷன் குறிப்பு, முந்தைய கேமரா அறிக்கை இரண்டையும் கேட்டு வாங்கி, புதிய சர்ஜனின் மேசையில் வையுங்கள். இந்த முறை நாண்களைப் பார்க்காமல் தேதி கொடுத்தால், பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.